80 வருஷம் கழித்து எந்த மரம் நிற்கும்? காட்டையே பரிசோதனைக் களமாக்கிய விஞ்ஞானிகள்... முழு விவரம்!

அமெரிக்காவின் வடக்குப் பகுதியில், கனடா எல்லையை ஒட்டி இருக்கிறது மின்னசோட்டா மாநிலம். அங்குள்ள சிப்பேவா தேசிய வனத்தில் 2016-ம் ஆண்டு ஒரு வித்தியாசமான நடவு நடந்தது. நடப்பட்ட கன்றுகளில் ஒன்று, பாண்டரோசா பைன். இந்த மரம் மின்னசோட்டா காடுகளில் இயற்கையாக வளர்வதே இல்லை. அதைப் பார்க்க வேண்டுமென்றால் மேற்கே பல நூறு கிலோமீட்டர் தாண்டி, தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் மலைகளுக்குப் போக வேண்டும்.

வெளியூர் மரத்தை காட்டுக்குள் கொண்டுவராதே என்பதுதான் உலகம் முழுக்க வனத்துறையினர் சொல்லும் முதல் பாடம். அப்படியிருக்க, அரசு ஆராய்ச்சிக் காட்டுக்குள்ளேயே வெளியூர் மரத்தை ஏன் நட்டார்கள்?

காரணம் எளிமையானது. இன்று நடும் ஒரு பைன் கன்று முழு மரமாக வளர்ந்து நிற்க 80 முதல் 100 வருஷம் ஆகும். அப்போது அந்த இடத்தின் வெப்பமும் மழையும் குளிரும் இன்று இருப்பது போல இருக்காது. இன்றைய மண்ணுக்கு ஏற்ற மரம், நாளைய வானிலைக்கு ஏற்ற மரமாக இருக்குமா? இந்தக் கேள்விக்கு யாரிடமும் உறுதியான பதில் இல்லை. அதனால்தான் நான்கு விதமான பதில்களை எடுத்துக்கொண்டு, நான்கையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டிலேயே சோதித்துப் பார்க்கிறார்கள்.

அது என்ன சோதனை? இதுவரை என்ன தெரிய வந்திருக்கிறது? இதில் என்ன ஆபத்து? விரிவாகப் பார்க்கலாம்.

காட்டுக்கு என்ன பிரச்னை?

வெயில் கூடினால் மரம் காய்ந்துவிடும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். ஆனால் விஷயம் அத்தனை நேரடியானது அல்ல.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பைன் மரப் பட்டைக்குள் துளையிட்டு வாழும் ஒரு வண்டு உண்டு. அரிசி மணி அளவுதான் இருக்கும். காலம் காலமாக அந்தக் காட்டில் இருக்கும் வண்டுதான். மைனஸ் 35, 40 டிகிரி வரை போகும் கடுங்குளிர் ஒவ்வொரு முறையும் அதன் புழுக்களைக் கொன்று கட்டுக்குள் வைத்திருந்தது. குளிர்காலம் மிதமாகத் தொடங்கியதும் புழுக்கள் சாகவில்லை. 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய வண்டுப் பெருக்கம், 1.8 கோடி ஹெக்டேருக்கு மேல் பரவியது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1.3 கோடி ஹெக்டேர்தான் என்றால் அளவைப் புரிந்துகொள்ளலாம்.

அதாவது, வெயில் நேரடியாக மரத்தைக் கொல்லவில்லை. மரத்தைக் காப்பாற்றி வந்த குளிர் போய்விட்டது. வறட்சியில் தளர்ந்த மரங்களும், ஒரே வயதில் நெருக்கமாக நின்ற காடுகளும் வண்டுக்கு இன்னும் வசதியாகிவிட்டன.

சரி, காடுகள் தாமாகவே இடம் மாறாதா? மாறும். பனி யுகம் முடிந்தபோது மரங்கள் விதை மூலமாக மெல்ல மெல்ல வடக்கே நகர்ந்தன. ஆனால் அந்த வேகம் வருஷத்துக்கு சில நூறு மீட்டர்தான் என்று மதிப்பிடுகிறார்கள். இப்போது வெப்பநிலை மாறும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. இடையில் நெடுஞ்சாலைகள், வயல்கள், நகரங்கள் வேறு குறுக்கே நிற்கின்றன.

விவசாயி என்ன செய்வார்?

இந்தச் சோதனையைப் புரிந்துகொள்ள நம்ம ஊர் விவசாயி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் மழை குறைகிறது. அவருக்கு என்னென்ன வழிகள்?

ஒன்று, கிணற்றை ஆழப்படுத்தி அதே நெல்லைத் தொடரலாம். இரண்டு, நெல்லோடு உளுந்து, பயறு என்று கலந்து போடலாம்; ஒன்று போனாலும் இன்னொன்று கைகொடுக்கும். மூன்று, நெல்லையே விட்டுவிட்டு கம்பு, வரகுக்கு மாறிவிடலாம். நான்கு, ஒன்றும் செய்யாமல் அடுத்த வருஷம் மழை வரும் என்று காத்திருக்கலாம்.

காட்டு மேலாளர்கள் முன்னாலும் இதே நான்கு வழிகள்தான் இருக்கின்றன. 2007-ல் கான்ஸ்டன்ஸ் மில்லர், நேதன் ஸ்டீபன்சன், ஸ்காட் ஸ்டீபன்ஸ் ஆகிய மூன்று அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு முக்கியமான ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். எதிர்காலம் எப்படி இருக்கும் என்று உறுதியாகத் தெரியாதபோது ஒரே தீர்வை நம்பி இறங்கக் கூடாது, பல அணுகுமுறைகளைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதில் சொல்லப்பட்ட அணுகுமுறைகள்தான் இன்றைய சோதனைகளுக்கு அடிப்படை.

ஆனால் விவசாயிக்கும் காட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. விவசாயி ஒரு போகம் தப்பாகப் போனால் அடுத்த போகத்தில் மாற்றிக்கொள்ளலாம். காட்டில் ஒரு போகம் என்பது ஒரு மனிதரின் ஆயுள். இப்போது எடுத்த முடிவு தப்பு என்று தெரிய வரும்போது, முடிவெடுத்தவர் உயிரோடு இருக்க மாட்டார்.

ஏ.எஸ்.சி.சி. திட்டம் என்றால் என்ன?

2007-ல் சொன்னது காகிதத்தில் நன்றாக இருந்தது. ஆனால் களத்தில் இருக்கும் வன அலுவலருக்கு அது போதவில்லை. 'நான் நாளைக்கு எந்த மரத்தை வெட்டணும், எந்த மரத்தை விடணும், எதை நடணும்?' என்பதுதான் அவருடைய கேள்வி.

அதற்காக 2009-ல் தொடங்கப்பட்டதுதான் 'அடாப்டிவ் சில்விகல்ச்சர் ஃபார் கிளைமேட் சேஞ்ச்', சுருக்கமாக ஏ.எஸ்.சி.சி. காலநிலை மாற்றத்துக்கு ஏற்றபடி காடு வளர்க்கும் முறைகளைச் சோதிப்பது என்று சொல்லலாம். வனவியல் விஞ்ஞானி லிண்டா நேகல் இதை முன்னின்று வழிநடத்தினார். அமெரிக்க வனத்துறை, பல்கலைக்கழகங்கள், உள்ளூர் வன மேலாளர்கள் எல்லோரும் இதில் சேர்ந்திருக்கிறார்கள்.

இந்தத் திட்டத்தில் விஞ்ஞானிகள் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு காட்டிலும் முதலில் ஒரு பயிலரங்கம் நடக்கும். அந்தக் காட்டைத் தினமும் பார்க்கும் அலுவலர்களும் விஞ்ஞானிகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, 'இந்தக் காடு எதிர்காலத்தில் எப்படி இருக்க வேண்டும்? அதற்கு என்ன ஆபத்து?' என்று பேசி, ஒவ்வொரு அணுகுமுறைக்கும் அந்த இடத்துக்கேற்ற வேலைத்திட்டத்தை வகுப்பார்கள்.

இன்னொன்று, அளவு. வழக்கமான ஆய்வு மாதிரி தொட்டியிலோ, சின்னப் பாத்தியிலோ இது நடப்பதில்லை. பொதுவாக ஒவ்வொரு துண்டும் சுமார் 25 ஏக்கர். உண்மையான ஒப்பந்ததாரர், உண்மையான இயந்திரம், உண்மையான செலவு. அப்போதுதான் நாளைக்கு வேறொரு வனத்துறை இதைப் பின்பற்ற முடியும்.

நான்கு துண்டு, நான்கு பதில்

சிப்பேவா வனத்துக்குள் இருக்கும் கட்ஃபுட் பரிசோதனைக் காட்டில் இது எப்படிச் செய்யப்பட்டது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். அமெரிக்க வனத்துறையின் சூழலியல் விஞ்ஞானி பிரையன் பாலிக் இந்தத் தளத்தின் ஆய்வை முன்னெடுத்தவர்.

இங்கே ராஜா, சிவப்பு பைன். மின்னசோட்டாவின் மாநில மரமும் அதுதான். 1953-ல் அந்த அந்தஸ்து கொடுக்கப்பட்டது. நெடுநெடுவென வளர்ந்து, செம்பழுப்புப் பட்டையோடு நிற்கும் இந்த மரம் அந்த மக்களின் அடையாளம். மரத்தொழிலுக்கும் முக்கியம். ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. சிவப்பு பைன் மரங்களுக்குள் மரபணு வேறுபாடு மிக மிகக் குறைவு. ஒரு மரத்தை வீழ்த்தும் நோயோ வறட்சியோ வந்தால், பக்கத்து மரமும் அதே மாதிரி வீழ வாய்ப்பு அதிகம்.

வடக்கு மின்னசோட்டா ஒரு சந்திப்பு நிலம். வடக்கே குளிர்ப் பிரதேசக் காடு, தெற்கே இலையுதிர் காடு, மேற்கே புல்வெளி என மூன்றும் அந்த மாநிலத்தில் சந்திக்கின்றன. வானிலை கொஞ்சம் மாறினாலே எல்லைக்கோடு நகர்ந்துவிடும். 1895-க்குப் பிறகு மாநிலத்தின் சராசரி வெப்பநிலை சுமார் 3 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 1.7 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருக்கிறது. கோடையைவிடக் குளிர்காலம்தான் வேகமாகச் சூடாகிறது.

இந்தச் சூழலில், கட்ஃபுட் காட்டில் செய்த நான்கு வேலைகள் இவை:

1. எதிர்த்து நில்: சிவப்பு பைன் காடு சிவப்பு பைன் காடாகவே இருக்க வேண்டும் என்பது நோக்கம். மரங்களை இடையிடையே வெட்டி எடுத்து நெருக்கத்தைக் குறைத்தார்கள். மிச்சமிருக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் கூடுதல் தண்ணீரும் வெளிச்சமும் கிடைக்கும். வறட்சி வந்தாலும் தாக்குப்பிடிக்கும் என்பது கணக்கு. விவசாயி கிணறு ஆழப்படுத்துவது போலத்தான்.

2. விழுந்தாலும் எழு: இங்கே காடு கொஞ்சம் மாறலாம், ஆனால் அடையாளம் போகக் கூடாது. சில இடங்களில் அரை ஏக்கர் அளவுக்கு வெட்டவெளி உருவாக்கினார்கள். சில இடங்களைக் கை வைக்காமல் அப்படியே விட்டார்கள். வெட்டவெளியில், அந்தப் பகுதியில் ஏற்கெனவே இருக்கும், வெப்பத்தை ஓரளவு தாங்கும் இனங்களை நட்டார்கள். வெள்ளை பைன், ரெட் ஓக், பர் ஓக், ரெட் மேப்பிள் ஆகியவை அவை. ஒரு இனம் அடிபட்டாலும் காடு மொத்தமாகச் சரியாது.

3. மாறிவிடு: இதுதான் துணிச்சலான வழி. எதிர்கால வானிலைக்கு ஏற்ற வேறொரு காடாக மெல்ல மாற்றுவது. மேலே சொன்ன உள்ளூர் இனங்களோடு, அந்தக் காட்டில் இல்லாத வெள்ளை ஓக், பிட்டர்நட் ஹிக்கரி, பிளாக் செர்ரி, பாண்டரோசா பைன் ஆகியவற்றையும் நட்டார்கள். முதல் மூன்றும் தெற்கே கொஞ்சம் சூடான பகுதிகளில் வளர்பவை. பாண்டரோசா வறண்ட மேற்கின் மரம்.

4. ஒன்றும் செய்யாதே: நான்காவது துண்டை அப்படியே விட்டுவிட்டார்கள். இது இல்லையென்றால் மற்ற மூன்றும் பலன் கொடுத்ததா என்று சொல்லவே முடியாது. மருந்து சோதனையில் மருந்து கொடுக்காத ஒரு குழு இருக்கும் இல்லையா, அது மாதிரி.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மட்டும் செய்தால் அது மண்ணின் குணமா, முறையின் குணமா என்று சந்தேகம் வரும். அதனால் நான்கு முறைகளையும் நான்கு தடவை வெவ்வேறு துண்டுகளில் திரும்பச் செய்தார்கள். ஆக மொத்தம் 16 துண்டுகள். 2014-15 குளிர்காலத்தில் மரம் வெட்டும் வேலை நடந்தது. நடவு 2016-ல்.

எல்லாக் காட்டுக்கும் ஒரே மருந்தா?

இல்லை. அதனால்தான் கட்ஃபுட்டோடு நிற்காமல் வெவ்வேறு காடுகளில் இதே நான்கு கேள்விகளைக் கேட்கிறார்கள்.

* நியூ ஹாம்ப்ஷயர்: டார்ட்மவுத் கல்லூரிக்குச் சொந்தமான சுமார் 27,000 ஏக்கர் 'செகண்ட் காலேஜ் கிராண்ட்' காடு. மேப்பிள், பிர்ச் போன்ற இலையுதிர் மரங்கள் நிறைந்தது.
* ஜார்ஜியா: இச்சாவே என்ற இடத்தில் உள்ள ஜோன்ஸ் மையம். இங்கே நீள ஊசி பைன் காடு. தென்கிழக்கு அமெரிக்காவில் ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கருக்குப் பரவியிருந்து, பின்னர் பெரும்பகுதி அழிந்துபோன காட்டு வகை இது. வறட்சியைச் சமாளிப்பதுதான் இங்கே முக்கியக் கேள்வி.
* மொன்டானா: கோரம் பரிசோதனைக் காடு. மேற்கத்திய லார்ச் மரங்கள் கலந்த மலைக்காடு.
* கொலராடோ: சான் ஹுவான் தேசிய வனம். வறட்சி, பட்டை வண்டு, காட்டுத்தீ மூன்றும் சேர்ந்து மிரட்டும் இடம்.
* செயின்ட் பால் நகரம்: மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள கிராஸ்பி ஃபார்ம் பூங்கா. ஆசியாவிலிருந்து வந்த மரகத நிற வண்டு ஒன்று அமெரிக்காவில் 2002-ல் கண்டறியப்பட்டது. அது கோடிக்கணக்கான 'ஆஷ்' மரங்களைக் கொன்றுவருகிறது. ஆஷ் போன பிறகு வெள்ளச் சமவெளியில் எந்த மரம் நிற்கும் என்பதுதான் இங்கே சோதனை.
* கனடாவின் ஒண்டாரியோ: பெட்டவாவா ஆராய்ச்சிக் காடு. வெள்ளை பைன் கலந்த காடு.

ஒரு இடத்தில் 'எதிர்த்து நில்' சரியாக இருக்கலாம். இன்னொரு இடத்தில் அது வீண் செலவாகலாம். பட்டியலைப் பார்த்தாலே தெரியும், ஒவ்வொரு காட்டுக்கும் எதிரி வேறு வேறு.

பலன் தெரிந்ததா?

நேர்மையாகச் சொன்னால், கட்ஃபுட் கன்றுகளுக்கு இப்போதுதான் சுமார் பத்து வயது. 80 வருஷக் கேள்விக்கு பத்து வயது மரம் சாட்சி சொல்ல முடியாது. எந்தக் கன்று பிழைக்கிறது, எவ்வளவு வளர்கிறது, தரையில் என்ன செடிகள் முளைக்கின்றன என்று தொடர்ந்து அளந்து வருகிறார்கள்.

ஆனால் இதே போன்ற வேறு சில சோதனைகள் பதில் சொல்லத் தொடங்கிவிட்டன.

கலிபோர்னியாவின் சியர்ரா நெவாடா மலையில், பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான பிளாட்ஜெட் ஆராய்ச்சிக் காடு இருக்கிறது. 2007 கட்டுரை எழுதிய மூவரில் ஒருவரான ஸ்காட் ஸ்டீபன்ஸ் குழு, இங்கே சுமார் 20 வருஷம் ஒரு சோதனை நடத்தியது. ஒரு பகுதியில் மரங்களை இடையிடையே வெட்டினார்கள். ஒரு பகுதியில் கட்டுப்படுத்தப்பட்ட தீ வைத்தார்கள். ஒரு பகுதியில் இரண்டையும் செய்தார்கள். இன்னொரு பகுதியைத் தொடவே இல்லை. 2023-ல் முடிவு வெளியானது. வேலை செய்த மூன்று பகுதிகளுமே பெருந்தீயின் ஆபத்தைக் குறைத்திருந்தன. வறட்சி, வண்டு ஆகியவற்றைத் தாங்கும் திறனும் கூடியிருந்தது. ஒன்றும் செய்யாத பகுதிதான் பின்தங்கியது.

இயற்கையே நடத்திய ஒரு சோதனையும் உண்டு. 2021 ஜூலையில் ஒரேகான் மாநிலத்தில் 'பூட்லெக்' தீ 4 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அது சைக்கன் மார்ஷ் என்ற பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ளும் புகுந்தது. அங்கே சில இடங்களில் முன்பே மரங்களைக் கலைத்து, கட்டுப்படுத்தப்பட்ட தீயும் வைத்திருந்தார்கள். அந்த இடங்களில் சேதம் குறைவாக இருந்தது. மரங்களின் உச்சியில் தாவிய தீ தரைக்கு இறங்கியது.

மரத்தை நகர்த்தும் சோதனையில் முன்னோடி, வண்டால் அடிபட்ட அதே பிரிட்டிஷ் கொலம்பியாதான். 2009-ல் தொடங்கி 15 மர இனங்களின் விதைகளை, கனடாவின் யூகான் முதல் கலிபோர்னியா வரை 48 இடங்களில் நட்டுப் பார்த்தார்கள். எந்த ஊர் விதை, எந்த ஊரில் நன்றாக வளர்கிறது என்பதே கேள்வி. லார்ச் மரத்தை அதன் இயற்கையான எல்லைக்கு வடக்கேயும் நட 2010-ல் அரசு அனுமதித்தது. விதை எடுக்கும் இடத்தை இனி பழைய வரைபடத்தை வைத்து முடிவு செய்யாமல், வானிலைக் கணக்கை வைத்து முடிவு செய்யும் விதிமுறையும் பிறகு வந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. 'மாறிவிடு' என்றாலே வேற்று இனம் என்று அர்த்தமில்லை. அதே ஓக் மரம்தான், ஆனால் கொஞ்சம் தெற்கே இருக்கும் ஓக்கின் விதை. வெப்பத்துக்குப் பழகிய தாய் மரத்தின் பிள்ளை. பல விஞ்ஞானிகள் ஆபத்து குறைந்த முதல் படியாக இதைத்தான் பார்க்கிறார்கள்.

ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. எதிர்ப்புகளும் இருக்கின்றன.

*வெளியூர் மரம் வில்லனாக மாறினால்?* இந்தப் பயத்துக்கு நம்ம நீலகிரியே சாட்சி. 19-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் தைல மரத்தையும் கொண்டுவந்தார்கள். விறகுக்கும், தோல் பதனிடத் தேவையான பட்டைக்கும் பிறகு பெரிய அளவில் வளர்த்தார்கள். சோலைகளை ஒட்டிய புல்வெளிகள் சீகைக் காடாக மாறின. தண்ணீரைப் பிடித்து வைத்து ஓடைகளுக்குக் கொடுத்த புல்வெளி அது. இப்போது அந்த மரங்களை அகற்றி புல்வெளியை மீட்கப் போராடுகிறோம். அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்று தமிழ்நாடு அரசு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது.

ஆனால் அதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு என்கிறார்கள் ஆதரவாளர்கள். நீலகிரிக்கு வந்தது வேறொரு கண்டத்து மரம். யாரும் சோதித்துப் பார்த்து நடவில்லை. இங்கே அதே கண்டத்தில் அடுத்த பகுதி மரத்தைத்தான் நகர்த்துகிறார்கள், அதுவும் குறிப்பிட்ட துண்டில், கண்காணிப்போடு. இருந்தாலும், எச்சரிக்கை அவசியம் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

*மரம் வெட்ட இது ஒரு சாக்கா?* 'நெருக்கத்தைக் குறைக்கிறோம்' என்ற பெயரில் மரக் கம்பெனிகளுக்கு வழி திறக்கிறார்கள் என்று அமெரிக்காவில் சில சூழலியல் அமைப்புகள் தொடர்ந்து குற்றம் சாட்டுகின்றன. மரத்தை வெட்டினால் அது சேமித்து வைத்திருந்த கார்பனில் ஒரு பகுதி உடனே குறைகிறது என்பதும் உண்மை. 'இப்போது கொஞ்சம் இழந்தால், பிறகு மொத்தமாக எரிந்து போவதைத் தடுக்கலாம்' என்பது மறுதரப்பின் பதில். எந்த அளவு வெட்டினால் நியாயம் என்பதைச் சொல்லத்தான் இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை தேவைப்படுகிறது.

*கன்றுக்கு எங்கே போவது?* இது நடைமுறைச் சிக்கல். நர்சரிகள் வழக்கமாக விற்கும் மரங்களைத்தான் வளர்க்கின்றன. 'தெற்குப் பகுதி விதையில் வளர்ந்த ஹிக்கரி கன்று ஆயிரக்கணக்கில் வேண்டும்' என்றால் கையில் இருக்காது. அமெரிக்க நர்சரிகள் வருஷத்துக்கு சுமார் 130 கோடி கன்றுகள் உற்பத்தி செய்கின்றன. நாட்டில் காடு வளர்க்க வாய்ப்புள்ள நிலத்தில் பாதியை 2040-க்குள் பசுமையாக்க வேண்டும் என்றாலே, இது 300 கோடியாக உயர வேண்டும் என்று 2021-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது.

*மான் விடுமா?* சிரிப்பாக இருக்கலாம், ஆனால் மின்னசோட்டாவில் இது பெரிய தலைவலி. குளிர்காலத்தில் இளங்கன்றின் நுனிக் குருத்தை மான் கடித்துவிட்டால் அந்தக் கன்று மேலே எழும்பவே எழும்பாது. இதற்காக ஒவ்வொரு கன்றின் நுனியிலும் ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து ஸ்டேப்ளர் அடிக்கும் வழக்கம் அங்கே உண்டு. 100 வருஷத் திட்டம், கடைசியில் ஒரு காகிதத் துண்டை நம்பி நிற்கிறது!

முடிவு யார் கையில்?

இந்தச் சோதனைகளால் தீர்க்க முடியாத ஒரு கேள்வியும் இருக்கிறது. எந்தக் காடு வேண்டும் என்பதுதான் அது.

எந்த மரம் பிழைக்கும் என்று அறிவியல் சொல்லலாம். ஆனால் தலைமுறைகளாகப் பார்த்துப் பழகிய சிவப்பு பைன் இல்லாத மின்னசோட்டாவை அந்த மக்கள் ஏற்பார்களா? சிப்பேவா வனம், லீச் லேக் பழங்குடி ஓஜிப்வே மக்களின் நிலத்தோடு பின்னிப் பிணைந்தது. அந்தக் காட்டின் மரத்தையும் செடியையும் நம்பி வாழ்ந்த மக்கள் அவர்கள். காடு வேறு காடாக மாறினால் அவர்கள் எதை இழப்பார்கள்? இதற்கு எந்த அளவுகோலும் பதில் சொல்லாது. பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பயிலரங்கத்தில் 'இந்தக் காடு எப்படி இருக்க வேண்டும்?' என்று முதலிலேயே கேட்பது இதனால்தான்.

அதே நேரத்தில், முடிவெடுக்காமல் தள்ளிப்போடுவதும் நடுநிலை கிடையாது. பிளாட்ஜெட் காட்டின் தொடாத பகுதி அதைத்தான் காட்டியது. ஒன்றும் செய்யாமல் விட்டால் காடு பழையபடியே இருக்கும் என்பது, வானிலை பழையபடி இருந்த காலத்துக்குத்தான் பொருந்தும்.

சுருக்கமாக...

* காலநிலை மாற்றத்தில் காடுகளைக் காக்க நான்கு வழிகள்: எதிர்த்து நிற்பது, அடிபட்டாலும் மீள்வது, மெல்ல மாறுவது, அப்படியே விடுவது.
* எது சரி என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. அதனால் நான்கையும் உண்மையான காட்டில், பக்கத்துப் பக்கத்தில் சோதிக்கிறார்கள்.
* நெருக்கத்தைக் குறைப்பதும் கட்டுப்படுத்தப்பட்ட தீயும் தீ ஆபத்துள்ள காடுகளில் பலன் தருவது 20 வருஷ ஆய்வில் தெரிய வந்திருக்கிறது. இனங்களை நகர்த்தும் சோதனைக்கு இன்னும் காலம் ஆகும்.
* வெளியூர் இனத்தை சோதிக்காமல் நட்டால் என்ன ஆகும் என்பதற்கு நீலகிரியே பாடம்.

நம்ம ஊரில் மரம் நடும் விழா என்றால் 'எத்தனை லட்சம் கன்று நட்டோம்?' என்பதுதான் செய்தியாகிறது. அடுத்த முறை அப்படி ஒரு செய்தி வரும்போது இன்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். 'என்ன மரம்? 2100-ல் அது அங்கே நிற்குமா?' என்று. பக்கத்தில் வேறு மரமும் நட்டு ஒப்பிட்டுப் பார்த்தவர்களிடம்தான் அதற்கு நம்பகமான பதில் கிடைக்கும்.